எல்.கே.ஜி. வயசுப் பிள்ளைக்கு வீட்டிலேயே என்ன சொல்லித் தருவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். கதை முடிந்ததும் பிள்ளைகள் விளையாட ஓடிவிடுவார்கள், அம்மாக்கள் மட்டும் நிற்பார்கள். எங்கள் மகளை ஒண்ணாம் வகுப்பு வரை எந்தப் பள்ளிக்கும் அனுப்பவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து இதே கேள்விகள்தான். இனிமேல் வாட்ஸ்அப்பில் இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன். மூன்று வயசிலிருந்து ஆறு வயசு வரை உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

எல்.கே.ஜி.யில போடலேன்னா கேஸ் கீஸ் ஏதாவது வருமா?

வராது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பேசுவது 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி. 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு அரசு முன்பருவக் கல்விக்கு ஏற்பாடு செய்யலாம் என்கிறதே தவிர, பெற்றோர் அனுப்பியே தீர வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. தலைக்கு மேலே கையைப் போட்டு எதிர்க்காதைத் தொட்டால் நேராக ஒண்ணாம் வகுப்பு என்றிருந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆறு வயசுக்கு மேல் நிலவரம் வேறு, அதைக் கடைசிக்குச் சற்று முன்னால் சொல்கிறேன்.

சரி, என்னதான் சொல்லித் தரணும்? சிலபஸ் மாதிரி ஏதாவது குடுங்களேன்.

இந்த வயசில் பேச்சுதான் முதல் பாடம். பிள்ளை பார்த்ததைக் கோர்வையாகச் சொல்ல வேண்டும். 'ஏன்' என்று கேட்டால் 'ஏன்னா' என்று ஆரம்பித்துப் பதில் சொல்ல வர வேண்டும். அடுத்தது கைவிரல்கள். எழுதுவதற்கு முன்னால் விரலுக்கு வலு வேண்டும். மூன்றாவது, பத்துக்குள் எண்களை உண்மையாகவே புரிந்துகொள்வது. இவற்றோடு தானே சாப்பிடுவது, பட்டன் போடுவது, கழிவறைக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு வருவது. இவை பாடத்திட்டத்தில் இருக்காது. ஆனால் ஒண்ணாம் வகுப்பு ஆசிரியை முதல் வாரம் கவனிப்பது இதைத்தான்.

எழுத்து, வாசிப்பு இரண்டும் இதற்குப் பிறகு வருபவை. ஐந்தரை வயசில் பிள்ளை தன் பேரை எழுதி, எளிய சொற்களைக் கூட்டிப் படித்தாலே தாராளம். தேசியக் கல்விக் கொள்கை 2020-கூட 3 முதல் 8 வயது வரையை ஒரே அடிப்படைக் கட்டமாகத்தான் வைத்திருக்கிறது. எழுதப் படிக்க எட்டு வயசு வரை நேரம் இருக்கிறது என்பதை அச்சடித்து ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார வைக்கணும்?

'உட்கார வைக்க' வேண்டியது காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம். நாலு வயசுக்கு அதுவே அதிகம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓட வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை டைம்டேபிள் போட இடமே இருக்காது.

மற்ற பாடமெல்லாம் வீட்டு வேலையோடு கலந்து நடக்கும். பட்டாணி உரிக்கும்போது எண்ணிக்கை, துணி மடிக்கும்போது பெரிசு சின்னது, மார்க்கெட்டில் காய்களின் பெயர். ஹாலில் கரும்பலகை மாட்டி, மணியடித்து, பிள்ளையைச் சீருடையில் உட்கார வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பள்ளிக்கே அனுப்பலாம், அங்கே பேசச் சிரிக்கப் பக்கத்தில் ஒரு பிள்ளையாவது இருக்கும்.

அ, ஆ-வுல ஆரம்பிக்கவா, ஏ பி சி டி-ல ஆரம்பிக்கவா?

வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறீர்களோ அந்த மொழியில் ஆரம்பியுங்கள். சென்னையில் பெரும்பாலான வீடுகளில் அது தமிழ். தெலுங்கு, மலையாளம், உருது, சௌராஷ்டிரம் பேசும் வீடுகளும் ஏராளம். பிள்ளைக்கு ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சொற்கள் தெரிந்த மொழியில் எழுத்தைக் காட்டினால், 'இது நான் பேசுறதுதானா' என்று உடனே பிடித்துக்கொள்ளும். சொல்லே தெரியாத மொழியில் எழுத்தைக் காட்டினால் அது வெறும் படம்.

இன்னொரு நடைமுறைக் காரணம்: 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி இங்குள்ள பள்ளிகளில் ஒண்ணாம் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயப் பாடம். வீட்டுமொழி தெலுங்கோ உருதோ ஆனாலும் தமிழ்ப் பேச்சையாவது இப்போதே காதில் விழ விடுங்கள், தெருவில் விளையாடினாலே பாதி வந்துவிடும்.

247 எழுத்தையும் யு.கே.ஜி. வயசுக்குள்ள முடிச்சிடணுமா?

வேண்டவே வேண்டாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று கூட்டினால் 247 வருகிறது, பெற்றோருக்கு மயக்கம் வருகிறது. ஆனால் 216-ம் தனித்தனி உருவங்கள் அல்ல. 'ம' தெரிந்த பிள்ளைக்குத் துணைக்கால் காட்டினால் 'மா' வந்துவிடும், அதே கால் 'பா', 'டா' எல்லாவற்றுக்கும் பொருந்தும். தகராறு செய்வது உகர வரிசைதான். கு, சு, து, மு, பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கொம்பு போடுவதும் குழப்பும்: 'கே' என்று ஒலிக்கும்போது க முதலில் வருகிறது, எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. பிள்ளை கொம்பைப் பின்னால் போட்டால் அது சோம்பல் அல்ல, காதில் கேட்ட வரிசையில் எழுதுகிறது.

அகரவரிசையில் முதல் எழுத்தான 'அ' கைக்கு லேசானது இல்லை. சுழி, வளைவு, கோடு மூன்றும் அதில் இருக்கின்றன. வரிசையைப் பாட்டாகப் பாடட்டும், எழுதுவதை ட, ப, ம-விலிருந்து தொடங்குங்கள். 'ட' மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு. அதையே மேலே ஏற்றினால் 'ப'. ஏற்றிய கோட்டை உள்ளே சுழித்தால் 'ம'. இந்த மூன்றோடு ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம், மட்டம் என்று அன்றைக்கே படிக்கலாம். 'ர' சேர்ந்தால் மரம். முதல் வாரத்திலேயே முழுச் சொல் ஒன்றைத் தானாகப் படித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அப்புறம் அரிச்சுவடி அட்டவணையைத் தேட மாட்டார்கள்.

பாட்டி சொல்லித் தருவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர்கள் 'லை', 'னை' எழுத்துக்களுக்குத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவார்கள். அழகுதான், பிள்ளைக்குக் காட்டவும் காட்டலாம். நோட்டில் மட்டும் இன்றைய வடிவம் இருக்கட்டும்.

பென்சிலையே பிடிக்க மாட்டேங்கிறான். அடிச்சா எழுதுறான்.

அடிக்காதீர்கள். மூன்றரை வயசுக் கைக்குப் பென்சில் கஷ்டமான கருவி. முதலில் விரல்களுக்கு வேலை கொடுங்கள்: சப்பாத்தி மாவு உருட்டட்டும், பழைய நாளிதழைக் கிழிக்கட்டும், ஊசியில்லாமல் மணி கோக்கட்டும், துணிக்கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டட்டும். மார்கழி வந்தால் உங்களுக்கு வாய்ப்பு. மூன்று புள்ளி வைத்து, அதைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் சிக்குக்கோலம் வளைக்கச் சொல்லுங்கள். சுழி, வளைவு, கையை எடுக்காமல் கோடு என்று தமிழ் எழுத்துக்கு வேண்டிய எல்லா அசைவும் அதில் இருக்கிறது. கோலப்பொடியை விரலிடுக்கில் சிந்த விடுவது அதைவிட நல்ல பயிற்சி, வாசலை யார் பெருக்குவது என்பது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து.

விஜயதசமி அன்று தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுத வைப்போமே, அதை அந்த ஒரு நாளோடு நிறுத்த வேண்டாம், ரவையிலோ மணலிலோ தினமும் செய்யலாம். இடது கையால் எழுதினால் மாற்றாதீர்கள். எழுத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி எழுதுவது ஆறு வயசு வரை சர்வ சாதாரணம்.

சிலேட்டு வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். பல்பத்தை எழுதாமல் தின்கிறதா? சுவர்ச் சுண்ணாம்பு, மண், பல்பம் என்று பிள்ளை விடாமல் தின்றால் திட்டிப் பயனில்லை, இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

நூறு வரைக்கும் ஒப்பிக்கிறா. கூட்டல் ஆரம்பிச்சிடலாமா?

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏழு புளியங்கொட்டையைத் தரையில் சிதறவிட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒரே கொட்டையை இரண்டு முறை தொடுகிறாளா, ஏதாவதொன்றைத் தாண்டிப் போகிறாளா? எண்ணி முடித்ததும் 'மொத்தம் எத்தனை?' என்று கேளுங்கள். 'ஏழு' என்று சொல்லாமல் மறுபடி 'ஒண்ணு, ரெண்டு' என்று ஆரம்பித்தால், நூறு வரை சொன்னது பாட்டு, இன்னும் எண்ணிக்கை ஆகவில்லை.

அடுத்து, ஐந்து கொட்டைகளை நெருக்கமாக ஒரு வரிசை, இன்னொரு ஐந்தை அகட்டி ஒரு வரிசை வையுங்கள். 'எதுல நிறைய இருக்கு?' நாலு வயசில் பெரும்பாலான பிள்ளைகள் நீளமான வரிசையைக் கைகாட்டும். எண்ணிக் காட்டினாலும் மசியாது. ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் போன நூற்றாண்டிலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். இது வளர வளரத் தானே தெளியும், நோட்டில் கூட்டல் போட வைத்தால் சீக்கிரம் தெளியாது.

கைவசம் இருக்கும் மிகச் சிறந்த கணக்குக் கருவி பல்லாங்குழி. பதினாலு குழி, ஒவ்வொன்றிலும் ஒரு சோழி போட்டுக்கொண்டே போவதுதான் ஒன்றுக்கு ஒன்று எண்ணும் பயிற்சி. குழியிலிருந்து அள்ளும்போதே 'இது எது வரைக்கும் போகும்' என்று பிள்ளை மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கும் நாளில், கூட்டல் ஆரம்பித்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயமும் பரமபதமும் அடுத்த வருஷத்துக்கு.

இங்கிலீஷ் பின்தங்கிடுமே? ஃபோனிக்ஸ் கிளாஸ்ல சேர்க்கவா?

வயசு ஐந்து ஆகும் வரை காதுக்கு இங்கிலீஷ் போதும்: பாட்டு, படக்கதை, நீங்கள் வாசித்துக் காட்டுவது. உங்கள் உச்சரிப்பு சரியில்லை என்று தயங்க வேண்டாம். தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு 'எழுத்துக்கு ஒலி உண்டு' என்பது ஏற்கெனவே புரிந்துவிட்டது. ஃபோனிக்ஸில் சொல்லித் தருவதில் பாதி அதுதான். மாதம் ஆயிரக்கணக்கில் கேட்கும் வகுப்புகளுக்கு இப்போதைக்கு அவசியம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கதைப் புத்தகத்துக்கு எங்க போறது? விலை எல்லாம் ஏறிக் கிடக்கு.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து பக்கம் புரட்ட விடலாம். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் போனில் காட்டாமல் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், வண்ணம் தீட்டிக்கொண்டே படிக்கும். சென்னைப் பதிப்பகமான தூலிகா தமிழும் இங்கிலீஷும் சேர்ந்த இருமொழிப் படப்புத்தகங்கள் போடுகிறது. ஜனவரிப் புத்தகக் காட்சிக்குப் போனால் நேஷனல் புக் டிரஸ்ட் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். பிள்ளை உங்களைத் திருத்தும் கட்டம் வரும் வரை வாசியுங்கள்.

சென்னையில எங்கல்லாம் கூட்டிட்டுப் போகலாம்?

எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவும் வண்டலூரும் செவ்வாய் விடுமுறை. வார நாளில் போவதுதான் வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு உள்ள சலுகை, கூட்டமே இருக்காது. ஒரு நாளில் ஒரே ஒரு பொருளைப் பார்த்துவிட்டு வாருங்கள். எழும்பூரில் திமிங்கில எலும்புக்கூட்டுக்கு அடியில் அரைமணி நேரம் நின்று 'இதுக்குக் காது எங்கம்மா' என்று கேட்க விட்டால் போதும், வெண்கலச் சிலையெல்லாம் இன்னொரு நாளைக்கு.

காசில்லாத இடங்கள் இன்னும் நல்லது. பெசன்ட் நகர் கரையில் நண்டு வளை தேடுவது. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டேஷன் பேரைப் படிப்பது. மாம்பலம், கிண்டி, பல்லாவரம் என்று பெரிய எழுத்தில் மூன்று மொழியில் எழுதிய பலகையைவிடப் பெரிய அரிச்சுவடி கிடையாது.

மத்த பசங்களோட பழகாம தனியா வளந்துடாதா?

வளரலாம், அதனால் இதை மெனக்கெட்டுத்தான் செய்ய வேண்டும். பள்ளியில் தானாக நடப்பது வீட்டில் நடக்காது. வாரத்தில் நான்கு நாளாவது பூங்காவிலோ தெருவிலோ அதே பிள்ளைகளோடு விளையாட வேண்டும், ஆள் மாறிக்கொண்டே இருந்தால் நட்பு வராது. முறை வைத்து ஆடுவது, தோற்றால் அழாமல் திரும்ப ஆட வருவது, 'குடு' என்று பிடுங்காமல் கேட்பது என்று எல்லாம் நொண்டியிலும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்திலும் கிடைக்கும். பெரியவர்கள் பஞ்சாயத்து பண்ண உடனே ஓடாதீர்கள்.

அடுக்குமாடியில் வேறு பிள்ளையே இல்லை, நீங்களும் வெளியே போக முடியாது என்றால் வீட்டுக் கல்வி உங்களுக்குச் சரிவராது. பக்கத்து அங்கன்வாடிக்கு அனுப்புங்கள்.

போன் இல்லாம ஒரு வாய்கூட இறங்க மாட்டேங்குது.

ஐந்து வயசுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்பதுதான் மேலே சொன்ன உலக சுகாதார நிறுவனக் கணக்கு. 'எஜுகேஷனல் ஆப்' என்றாலும் அதே ஒரு மணி நேரத்தில்தான் சேரும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் முதலில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிடும், பசித்தால் சாப்பிடும்.

நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம். பகல்ல தாத்தா பாட்டிதான். இது நடக்குமா?

தாத்தா பாட்டிக்கு இஷ்டம் இருந்தால் பிரமாதமாக நடக்கும். பேச்சு, கதை, கோயில், கடை, பல்லாங்குழி எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அந்த இரண்டு இருபது நிமிஷங்களை நீங்கள் காலையிலும் இரவிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். முட்டி வலியோடு இருக்கும் மாமியார் நாள் முழுக்க நாலு வயசுப் பிள்ளை பின்னால் ஓடுவார் என்று நாமே தீர்மானிப்பது நியாயமில்லை.

நேரா ஒண்ணாம் கிளாஸ்ல சீட் குடுப்பாங்களா? டி.சி. கேட்டா என்ன பண்றது?

அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி என்றால் பிரச்சினையே இல்லை. ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்திருந்தால் பிறப்புச் சான்றிதழோடு போகலாம். முதல் முறை சேரும் பிள்ளைக்கு டி.சி. எங்கிருந்து வரும்? கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-க்குள் ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். தனியார் பள்ளிகளில்தான் சிக்கல். தங்கள் யு.கே.ஜி. பிள்ளைகளை அப்படியே ஒண்ணாம் வகுப்புக்கு ஏற்றிவிடுவதால் காலியிடம் சொற்பமாகத்தான் இருக்கும். குறிப்பிட்ட பள்ளிதான் வேண்டும் என்று மனசில் இருந்தால் முந்தைய வருஷமே போய் விசாரித்துவிடுங்கள். ஒண்ணாம் வகுப்புக்குப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம். அதே சட்டத்தில் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படுகிறது, கட்டணத்தை அரசு தருகிறது. ஆனால் பள்ளியின் நுழைவு வகுப்பில் மட்டுமே அந்த இடம் உண்டு. சென்னையில் பெரும்பாலான தனியார் பள்ளிகளுக்கு நுழைவு வகுப்பு எல்.கே.ஜி.தான். அந்த ஒதுக்கீட்டுக்குத் தகுதி உள்ள குடும்பம் என்றால், எல்.கே.ஜி. வருஷத்தை வீட்டில் கழிப்பது அந்த வாய்ப்பைக் கைவிடுவதாகும். இப்படிப்பட்டவர்களிடம் விண்ணப்பித்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆறு வயசுக்கு அப்புறமும் வீட்லயே வெச்சிக்கலாமா?

முதல் பதிலில் சொன்ன சட்டம் இங்கேதான் குறுக்கே வரும். 6 வயது முதல் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-வது பிரிவு. வீட்டுக் கல்வி என்று அதில் தனியாக ஒன்றும் இல்லை. அப்படியும் தொடரும் குடும்பங்கள் பெரும்பாலும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை நம்புகின்றன. அங்கே 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் உண்டு, பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும். எல்.கே.ஜி. வயசிலேயே பத்தாம் வகுப்பு வரை திட்டம் போடத் தேவையில்லை. வருஷா வருஷம் பார்த்து முடிவெடுக்கலாம்.

ஸ்கூல்னா ஏதாவது பிரச்சினைன்னா மிஸ் சொல்லிடுவாங்க. வீட்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நல்ல கேள்வி, ஆனால் குறைவான பேர்தான் கேட்கிறார்கள். மூன்று வயசில் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை, நாலு வயசில் வெளியாட்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை, முன்பு வந்த சொல் இப்போது வருவதில்லை என்றால் 'அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகலாம். முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்திலும் பரிசோதனையும் பயிற்சியும் உண்டு.

பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடக்கும், உங்கள் பிள்ளைக்கு நடக்காது. அதனால் நாலு வயசில் ஒரு முறை கண் டாக்டரிடம் காட்டுங்கள், டிவியை ஒட்டி நின்று பார்த்தால் அதற்கு முன்பே. தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஐந்து வயசிலிருந்து ஆறுக்குள் போட வேண்டிய டி.பி.டி. இரண்டாவது பூஸ்டர்தான் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதிகம் விட்டுப்போவது. மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள், அட்டையை மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள்.